பவளக்கொடி வரைந்த முகம்

தாதம்பாறை சிமெண்ட் ஆலையின் எடைமேடை எழுத்தர் தெய்வசிகாமணிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மூக்கு இடது பக்கமாகச் சாய்ந்தது, வலது காது புருவத்துக்கு மேலே ஏறியது, வாய் ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியது. வலி என்று எதுவும் இல்லாததால் அவன் அதைக் கவனிக்காமல் பேப்பரின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தான். சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் மகளின் பழைய நோட்டை வைத்து அவனைப் படமாக வரைந்துகொண்டிருந்த அவன் மனைவி பவளக்கொடி, வாயை வரைந்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, நோட்டில் இருந்த ஆளே நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தான். அவள் நோட்டை மூடி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் இலக்கியா திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். அந்த இருபது வருஷத்தில் தெய்வசிகாமணி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பான், 'இந்தாடி' என்பான், சில நாள் எதுவும் சொல்லாமல் கையில் கிடைத்ததை எறிவான். ஆலைக் குடியிருப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, ஃபிட்டரின் மனைவி, சத்தம் தொடங்கியதுமே எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள்; அடுத்தவர் குடும்ப விஷயத்தைக் காதில் வாங்கக் கூடாது என்ற நாகரிகம்.

அவன் முகத்தைப் படிப்பதுதான் பவளக்கொடி அந்த இருபது வருஷமும் படித்த படிப்பு. சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவன் ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடு விழுந்திருந்தால் பேசாமல் சோற்றைப் போட வேண்டும். உதட்டின் இடது ஓரம் உள்ளே மடிந்திருந்தால் தட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பரிமாற வேண்டும். மூக்குத் துளைகள் விரிந்துவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் படிப்பில் அவள் தேறியிருந்ததால் விழுகிற அடிகளில் பாதிக்கு மேல் முழங்கையோடு போய்விடும்.

வரைவது எப்படி வந்தது என்றால் புழுதியால் வந்தது. ஆலையின் புகைபோக்கியிலிருந்து இறங்குகிற சாம்பல் நிறப் புழுதி குடியிருப்பின் எல்லா வீட்டு ஜன்னலிலும், காய்கிற துணியிலும், சாமி படத்துக் கண்ணாடியிலும் காலையும் மாலையும் படியும். ஒரு நாள் பீரோக் கண்ணாடியைத் துடைக்கப் போனவளின் விரல் புழுதியில் ஒரு வளைவை இழுத்தது. பார்த்தால் காக்கையின் முதுகு மாதிரி இருந்தது. மறுநாள் அதற்கு அலகு வைத்தாள். அதற்கடுத்த நாள் கால் வைத்தாள். கால் கோழிக்கால் மாதிரி வந்தது. அவன் வருவதற்குள் துடைத்துவிடுவாள். இப்படியே ஒரு வருஷம், வரைந்ததையெல்லாம் துடைத்து, துடைத்த இடத்தில் மறுபடி புழுதி விழக் காத்திருந்து வரைந்தாள். அதன்பிறகுதான் இலக்கியா விட்டுப்போன நோட்டையும் பென்சிலையும் எடுக்கத் தைரியம் வந்தது. காக்கையையும் குடத்தையும் வரைந்து சலித்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிற மனித முகம் வேண்டும் என்று தேடியபோது, அந்த வீட்டில் அப்படி ஒரே ஒரு முகம்தான் இருந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படிக்கிற நேரத்தில் மட்டும்.

பதினொரு மணிக்குச் சவரம் செய்யப் போனவன் கண்ணாடி முன்னால் கத்தினான். புளியங்கொட்டை வாயிலிருந்து கத்தல் விசில் மாதிரிதான் வந்தது. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த நோட்டைக் கண்டுபிடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"நீயா பண்ணினே?"

"வரையத்தாங்க செஞ்சேன். இப்படி ஆகும்னு தெரியாது."

அடித்தான். பிறகு பென்சிலை அவள் கையில் திணித்து, "சரி பண்ணுடி" என்றான். அவள் மூக்கை ரப்பரால் அழித்து மறுபடி வரைந்தாள். கை நடுங்கியதில் மூக்கு இப்போது வலது பக்கம் சாய்ந்தது, முன்னைவிட அதிகமாக. அவனே அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

திங்கட்கிழமை ஆலை வாசலில் காவலாளி அவனை முகத்தால் அடையாளம் காணவில்லை, ஸ்கூட்டரையும் டிபன் கேரியரையும் வைத்து அடையாளம் கண்டு, வருகைப் பதிவேட்டில் 'தெய்வசிகாமணி, முகம் வேறு' என்று எழுதி உள்ளே விட்டான். ஆலை மருத்துவர் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வீக்கமோ காய்ச்சலோ இல்லாததால் சீட்டில் 'வீட்டு விஷயம்' என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்தார். தொழிற்சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, தொழிலாளியின் முகத்துக்கு நிர்வாகமே பொறுப்பு என்று தீர்மானம் நிறைவேற்றியது. படத்தை வரைந்தது நிர்வாகம் இல்லை என்று யாரோ எடுத்துச் சொன்னதும் 'நிர்வாகமே' என்பதை அடித்துவிட்டு 'குடும்பமே' என்று திருத்தியது. எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எப்போது சரியாகும் என்றுதான் கேட்டார்கள்.

முதல் வாரம் பவளக்கொடியின் வீட்டு வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். ஸ்டெல்லா தன் மோவாயைக் கொஞ்சம் குறைத்து வரையச் சொன்னாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்து, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி வரையச் சொன்னாள். பவளக்கொடி எல்லாரையும் வரைந்தாள். யாருக்கும் ஒன்றும் மாறவில்லை. தாள் தாளாகவே இருந்தது, மோவாய் மோவாயாகவே இருந்தது. அவள் கைக்குக் கட்டுப்பட்டது ஒரே ஒரு முகம்தான், அதுவும் அந்த முகம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் என்று தெரிந்ததும் எல்லாரும் தங்கள் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதோடு குடியிருப்புக்கு அந்த அதிசயம் பழகிவிட்டது, புழுதி பழகியது மாதிரி.

பழகாதவர் ஒருவர் இருந்தார். பணியாளர் அதிகாரி சடகோபனுக்கு அடையாள அட்டை என்று ஒரு சிக்கல் இருந்தது. ஒரு ஊழியரின் புகைப்படத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று விதி. அவர் பவளக்கொடியை ஆலைக்கு வரவழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அம்மா, நீங்க ஒழுங்கா வரையக் கத்துக்கணும். வேற வழியில்லை. வாத்தியாருக்கு நாங்க ஏற்பாடு பண்றோம்."

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து, நீ ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவள் சரி என்று தலையாட்டினாள்.

வந்தது வாத்தியார் இல்லை, வாத்தியாரம்மா. அதுவும் இருபத்தாறு வயசுப் பெண். நஸ்ரின் என்று பெயர். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் மதியம் மனமகிழ் மன்றத்தின் கேரம் அறையில் வகுப்பு. கேரம் ஆடுகிற ஆண்கள் முணுமுணுத்தபடி வராந்தாவுக்குப் போனார்கள்.

"பென்சிலை இப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க அக்கா, அது எங்கேயும் ஓடாது" என்பதுதான் நஸ்ரின் சொன்ன முதல் பாடம். "தாளைப் பாக்கறதைவிட பொருளை அதிகம் பாருங்க" என்பது இரண்டாவது. மூன்றாவது பாடத்தை அவள் சொன்னபோது பவளக்கொடிக்கு மயிர்க்கூச்செடுத்தது. "மூக்கை வரையாதீங்க அக்கா. மூக்குப் பக்கத்துல ஒரு நிழல் இருக்கு பாருங்க, அதை வரையுங்க. மூக்கு தானா வந்து நிக்கும்."

பவளக்கொடி கத்தரிக்காய் வரைந்தாள், குக்கர் வரைந்தாள், அறுந்த ஹவாய்ச் செருப்பு வரைந்தாள், தன் இடது கையை முப்பது தடவை வரைந்தாள். ஞாயிறுதோறும் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை தெய்வசிகாமணி அவள் எதிரே உட்கார்ந்தான். உட்கார்ந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு திரும்பாது. அந்த இரண்டு மணி நேரமும் அவன் பேசக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, ஏனென்றால் சுளித்தால் சுளிப்பும் படத்தில் விழும்.

"தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள் பவளக்கொடி.

தூக்கினான்.

"வெளிச்சத்தைப் பாத்துத் திரும்புங்க. அவ்வளவு வேண்டாம். இப்ப அசையாதீங்க."

அசையவில்லை. வீட்டில் பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவனைப் பயமில்லாமல் இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் இடது கண்ணின் கீழே ஒரு சின்ன மச்சம் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் மூக்கு நேரானது, ஆனால் ஒரு கண் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தது. ஐந்தாவது வாரம் இரண்டு கண்ணும் சமமாகி, கழுத்து காணாமல் போனது. அந்த வாரம் முழுக்க அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. ஒன்பதாவது வாரம், செத்துப்போன தன் அண்ணன் மாதிரியே இருந்தான். ஊரிலிருந்து வந்த அண்ணி அவனைப் பார்த்து அழுதுவிட்டுப் போனாள். சடகோபன் விதியைத் திருத்தி, இந்த ஒரு ஊழியருக்கு மட்டும் திங்கள்தோறும் புதுப் புகைப்படம் எடுக்க அனுமதி வாங்கினார். குடியிருப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் கூடி நின்று, கதவு திறந்து புது முகம் வெளியே வரும்போது கைதட்டினார்கள்.

அவள் மாறியதும் அந்த மாதங்களில்தான். பஸ் ஏறித் தனியாக டவுனுக்குப் போய், கடைக்காரரிடம் "ஃபோர் பி பென்சில் குடுங்க, இது இல்லை, இது டூ பி" என்று திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினாள். மன்றத்தின் ஆண்டு விழாவில் நஸ்ரின் அவளை மேடைக்குத் தள்ளிவிட்டபோது, மைக்கைப் பிடித்து, "நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். இப்ப ஒரு கத்தரிக்காயை வரைஞ்சா, அது கத்தரிக்காய்தான்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. அதுவே எனக்குப் பெரிசு" என்றாள். சிரித்தார்கள், கைதட்டினார்கள், அவளும் சிரித்தாள். நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கிறவள், இப்போது மரத்தையும் ஆளையும் அளந்து பார்த்து நடந்தாள். வீட்டில் அடி குறைந்திருந்தது. அவன் மனம் மாறியதால் இல்லை, தன் முகம் அவள் கையில் இருக்கிறது என்ற பயத்தால்.

இருபத்திரண்டாவது வாரத்தில் படம் கிட்டத்தட்ட அவனே ஆகிவிட்டது. இன்னும் ஒரு தடவை உட்கார்ந்தால் பழைய முகம் முழுசாகத் திரும்பிவிடும் என்று நஸ்ரின் சொன்னாள். அந்தச் செய்தி குடியிருப்பில் பரவியதும் ஸ்டெல்லா வந்தாள்.

"ஏன் பவளம், அந்தப் பழைய மூஞ்சியையா திருப்பி வரையப் போறே? கையில இவ்வளவு வித்தை இருக்கு. கொஞ்சம் சாந்தமா வரைஞ்சு விடேன். உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

சடகோபனும் அதையே வேறு மாதிரிச் சொன்னார். எடைமேடையில் லாரி டிரைவர்கள் புகார் சொல்கிறார்கள், முகம் கொஞ்சம் இனிமையாக இருந்தால் ஆலைக்குப் பெயர் என்றார். பவளக்கொடிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறு வேறு கண்களை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் சிலையின் கண், பள்ளியில் அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சரின் கண், கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற பஸ் கண்டக்டரின் கண்.

சனிக்கிழமை வகுப்பில் நஸ்ரின் அந்தப் பக்கங்களைப் பார்த்தாள்.

"அக்கா, அவரு இப்படியா இருக்காரு?"

"இருந்தா நல்லா இருக்கும்."

"உள்ளதை வரையணும்னுதானே நான் சொல்லிக் குடுத்தேன்."

"பென்சில் என் கையில இருக்கு இல்ல?" என்றாள் பவளக்கொடி. அப்படிப் பேச அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. நஸ்ரின் நோட்டை மூடி அவளிடமே கொடுத்தாள்.

மறுநாள் அவள் வரைந்தது அதுவரை வரைந்ததிலெல்லாம் சிறந்த படம். புருவ நடுக் கோடுகளைக் கோடாகப் போடாமல், யோசனை செய்கிறவனுக்கு விழுகிற மெல்லிய நிழலாக மாற்றினாள். உதட்டின் இடது ஓரத்தை வெளியே எடுத்து, சிரிக்கப் போகிறவனுடையது மாதிரி ஒரு துளி மேலே தூக்கினாள். கண்ணில் மட்டும் முக்கால் மணி நேரம் செலவழித்தாள். வெளிச்சம் விழுகிற புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே விட்டு, அதைச் சுற்றி ஈரம் மாதிரி இருட்டைச் சேர்த்தாள். முடித்தபோது எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதன், இருபது வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்த அன்று யாராக இருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளோ அவனாக இருந்தான். அவள் கண் கலங்கிவிட்டது. படத்தின் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

அவன் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தான். "பரவாயில்லையே" என்றான்.

அந்த முகத்தைக் குடியிருப்பு கொண்டாடியது. லாரி டிரைவர்கள் எடைமேடையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அழுகிற பிள்ளைகளை அவனிடம் தூக்கிக் கொடுத்தால் அழுகை நின்றது. சங்கத்தில் துணைத் தலைவர் பதவி கொடுத்தார்கள், கல்யாணங்களில் தாலி எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், அண்ணன் தம்பி சண்டைகளுக்கு அவனை மத்தியஸ்தம் வைத்தார்கள். அவன் பெரிதாக ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை, இரண்டு பேருக்கும் நடுவே போய் உட்கார்ந்தால் போதும். படத்தைச் சட்டம் போட்டு மன்றத்தில் மாட்டினார்கள். பவளக்கொடி எட்டு நாள் அந்த முகத்தை நம்பினாள்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் ஸ்கூட்டர் நின்றது, ஹெல்மெட் கழன்றது, உள்ளே அந்த முகம் சாந்தமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோதும் சாந்தமாக இருந்தது. ரசம் ஆறியிருந்தது. அவள் குனிந்து அப்பளம் வைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணில் அதே ஈரத்தோடு, உதட்டோரத்தில் அதே ஒரு துளிச் சிரிப்போடு, அவன் கிண்ணத்தை எடுத்து அவள் காதோடு சேர்த்து அடித்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை தலைக்கு மேலே போயிருக்கவில்லை. விழுந்தபிறகு நிமிர்ந்து பார்த்தாள். முகம் அவளைப் பார்த்துப் பரிவோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு எந்த நாளும் எந்த நாள் என்று தெரியாமல் போயிற்று. படிப்பதற்கு எழுத்தே இல்லை. பென்சிலால் அவளே அழித்திருந்தாள்.

ஸ்டெல்லாவிடம் சொன்னாள். ஸ்டெல்லா காதின் பின்னாலிருந்த வீக்கத்தைப் பார்த்தாள், அந்த நேரத்தில் தெருவில் ஸ்கூட்டரில் போன தெய்வசிகாமணியைப் பார்த்தாள், அவன் தலையசைத்து வணக்கம் சொன்னதைப் பார்த்தாள்.

"அந்த மனுஷனா? பழசையே நினைச்சுக்கிட்டு இருக்காதே பவளம். எங்கேயாவது இடிச்சிக்கிட்டிருப்பே."

இப்போதும் சுவர் ஒற்றைச் செங்கல்தான். சத்தம் கேட்டால் ஸ்டெல்லா இப்போது டிவியைக் கூட்டுவதில்லை. அந்தச் சத்தமே பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்துக்கொண்டாள்.

செமஸ்டர் விடுமுறைக்கு இலக்கியா வந்தாள். சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகிற பெண் அவள். மூன்று நாள் அப்பாவின் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள், அவன் சொன்ன கதைகளைக் கேட்டாள். நான்காவது நாள் அம்மா சமையலறையில் வைத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, கழுவிய தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"அப்பா மாறிட்டாரும்மா. எனக்கு இப்பத்தான் ஒரு அப்பா கிடைச்சிருக்காரு. அதைக் கெடுத்துடாதே."

பவளக்கொடி மறுபடி வரைந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் தெய்வசிகாமணிக்குத் தன்னிடம் இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டது. பேப்பரை மன்றத்தில் போய்ப் படித்தான். வீட்டில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் உட்காரவில்லை. தூங்கும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் நினைவிலிருந்து வரைந்தாள்; படம் அச்சாக வந்தது, முகம் அசையவில்லை. ஒரு நாள் அவளுடைய பென்சில்களையெல்லாம் அவனே அள்ளி அடுப்பில் போட்டுவிட்டு, அந்தக் கண்களால் அவளைப் பார்த்து, "இனிமே எதுக்கு வரையணும்? இதுதான் நல்லா இருக்கே" என்றான்.

வகுப்பு நின்றிருந்தது. நஸ்ரினுக்கு மட்டும் ஃபோன் செய்தாள். நஸ்ரின் வந்து அவளை டவுனிலிருந்த மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் நன்றாகத்தான் கேட்டார். முதுகிலிருந்த காயங்களைப் பார்த்தார், எழுதச் சொன்னார், ஆளை வரச் சொல்லி ஃபோன் செய்தார். மதியம் இரண்டு மணிக்கு தெய்வசிகாமணி வந்தான். கூடவே சடகோபன், ஸ்டெல்லா, மன்றத்துச் சுவரிலிருந்து கழற்றிய படம். அவன் உள்ளே நுழைந்து வணக்கம் சொன்னதும் இன்ஸ்பெக்டர் அம்மா தன்னை அறியாமல் எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். டீ வந்தது.

"தங்கமான மனுஷர் மேடம்" என்றாள் ஸ்டெல்லா.

"ஸ்டெல்லா, பதினாலு வருஷமா நீ டிவியை யாருக்காகக் கூட்டி வெச்சே?" என்று கேட்டாள் பவளக்கொடி.

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். "அது அப்போ" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். கீழே இருந்த பெயரைப் படித்தார். "நீ வரைஞ்சதா? ஏம்மா, அடிக்கிற புருஷனை யாராவது இவ்வளவு ஆசையா வரைவாங்களா? கையில இருக்கிற அன்பு வாயில வரமாட்டேங்குதே உனக்கு."

"மேடம், ஒரு தாளும் பென்சிலும் குடுங்க. அரை மணி நேரம் அவரை அந்த பெஞ்சுல உட்காரச் சொல்லுங்க. மத்ததை நீங்களே பாத்துக்கோங்க."

"எதுக்கு மேடம் இதெல்லாம்" என்று அவன் சிரித்தான். ஆனால் அந்த இடத்தில் எழுந்து போகவும் முடியவில்லை.

"அவங்க ஆசைக்கு உட்காருங்க சார். என்ன ஆயிடப் போகுது" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

பிரிண்டரிலிருந்து எடுத்த தாள், நிலையத்து ரைட்டரின் பாதிப் பென்சில். பவளக்கொடி பென்சிலைத் தளர்வாகப் பிடித்தாள். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. பயந்து வரைந்த காலம் இருந்தது, ஆசைப்பட்டு வரைந்த காலம் இருந்தது, அன்றைக்கு அவள் பார்த்து வரைந்தாள். நிலையத்தில் நாலு பெண் போலீசும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். முதலில் புருவ நடுவே இரண்டு கோடு விழுந்தது. பிறகு உதட்டின் இடது ஓரம் உள்ளே மடிந்தது. கண்ணிலிருந்த ஈரம் வற்றியது. கடைசியாக மூக்குத் துளைகள் விரிந்தன. அவை விரிந்த அந்த நொடியில், வாசலருகே நின்றிருந்த இளவயதுக் கான்ஸ்டபிள் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் தன் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். தூக்கியது தெரிந்ததும் வெட்கப்பட்டு இறக்கி, தொப்பியைச் சரிசெய்தாள்.

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"அடப்பாவி" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. அவர் பவளக்கொடியைப் பார்த்துத்தான் சொன்னார். "ஒரு நல்ல மனுஷனோட முகத்தை எங்க கண்ணு முன்னாடியே இப்படிக் கெடுத்துட்டியே. எப்படி மனசு வந்தது உனக்கு?"

"இதுதான் மேடம் அவர் முகம். நான் ஒண்ணும் சேர்க்கல."

"அப்படின்னா நேத்து வரைக்கும் ஊரே பாத்தது யாரு முகம்?"

"அதுதான் நான் சேர்த்தது" என்றாள்.

அது யாருக்கும் புரியவில்லை. சடகோபன் அடையாள அட்டையை நினைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா, "திருப்பி வரைஞ்சு குடுத்துடு பவளம், புண்ணியமாப் போகும்" என்று அழுதாள். நஸ்ரின் குறுக்கே பேசப் போனபோது அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். பவளக்கொடி வரைய மாட்டேன் என்றாள். நாலு மணி வரை கேட்டார்கள். நாலு மணி வரை மாட்டேன் என்றாள், குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. கடைசியில், ஆலை ஊழியர் எவருடைய முகத்தையும் இனி வரைய மாட்டேன் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவள் கொடுத்த புகாரைச் சமாதானமாக முடிந்தது என்று மூடினார்கள். அவள் குடியிருப்புக்குத் திரும்பவில்லை.

குடியிருப்பு தெய்வசிகாமணியைக் கைவிடவில்லை. வேளாவேளைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேரியரில் சாப்பாடு போயிற்று. பிள்ளைகள் அவனைக் கண்டு ஒளிந்தபோது, "பயப்படாதீங்கடா, பாவம், பெண்டாட்டி பண்ணின வேலை" என்று அம்மாக்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எடைமேடையில் அவன் ஒரு கிளீனரை இரும்புக் கம்பியால் அடித்தபோதுகூட, அவர் என்ன செய்வார், அவள் வரைந்த முகம் அப்படி, அது இழுத்த இழுப்புக்குக் கை போகிறது என்று சங்கம் அவன் பக்கம் நின்றது. அவன் கோபம் எல்லாம் அவள் கணக்கில் சேர்ந்தது. துணைத் தலைவர் பதவி அனுதாபத்தில் தலைவர் பதவி ஆயிற்று.

பவளக்கொடி டவுனில் ஒரு தையல் கடையில் சேர்ந்தாள். கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலை செய்வதற்கு முன்னால் துணியின் மேல் வெள்ளைப் பென்சிலால் வரைந்து கொடுக்கிற வேலை. மயில், மாங்காய், தாமரைக் கொடி. முகம் எதுவும் இல்லை. மயில் கழுத்தை அவள் ஒரே இழுப்பில் இழுப்பதைப் பார்க்க மற்ற பெண்கள் ஊசியை நிறுத்துவார்கள். கோடு நடுங்காது. அந்த மட்டில் யாராலும் அவளிடமிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

தை மாதத்தில் ஒரு மதியம், கடையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இலக்கியா ஃபோன் செய்தாள். பொங்கலுக்கு அப்பாவிடம் போயிருந்தாளாம்.

"அப்பாவைப் பாக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஒரு தடவை வந்து சரியா வரைஞ்சு குடுத்துட்டுப் போயிடேன். எனக்காக."

"எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் பவளக்கொடி.

"பயமா இருக்கும்மா. நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப..."

இலக்கியா நிறுத்தினாள். விடுதி வராந்தாவில் யாரோ பக்கெட்டை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் ஃபோனில் கேட்டது.

"சொல்லு கண்ணு."

"சின்னப்பிள்ளையா இருந்தப்ப எப்படி இருந்தாரோ, அதே மாதிரியே இருக்காரும்மா."

சாப்பிட்டு முடித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கை கழுவிவிட்டு வந்து, துணி கட்டிய சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மாவும் மகளும் ஃபோனை வைக்கவில்லை.

"இருந்தாலும்" என்றாள் இலக்கியா, வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ அதை அப்படியே வரைஞ்சிருக்கக் கூடாதும்மா."